அம்மன் காசிலிருந்து அறுபது ரூபாய் வரை: சில்லறைச் சேகரிப்பும் நம் பிள்ளைகளின் கல்வி உரிமையும்

புதுக்கோட்டை சமஸ்தானத்திற்கென்று தனியே ஒரு காசு இருந்தது. அம்மன் காசு என்று அதற்குப் பெயர். மிகச் சிறிய செப்புக் காசு. ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். இருபது அம்மன் காசு கொண்டது ஓர் அணா. 320 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். நவராத்திரி நாட்களில் தொண்டைமான் மன்னர்கள் வழங்கிய அரிசித் தானத்தோடு சேர்த்து இந்தக் காசும் வழங்கப்பட்டது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. இன்று அந்தக் காசு அருங்காட்சியகப் பேழையில் இருக்கிறது.

காசு வழக்கொழிந்தது, அதைக் கொடுத்த முறை ஒழியவில்லை. மேலே இருப்பவர் ஒரு நல்ல நாளில் கை நீட்டுகிறார். கீழே இருப்பவர் வரிசையில் நின்று வாங்குகிறார். அடுத்த ஆண்டும் அதே வரிசை, அதே கைகள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நடைபெறும் ‘ஏழை மாணவர்களுக்கு உதவி வழங்கும் விழா’க்களில் மேடை, பதாகை, புகைப்படம் ஆகியவற்றுக்கு நடுவே நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

மறுபுறம், தங்கள் தெருப் பிள்ளைகளின் படிப்பு தடைபடக் கூடாது என்பதற்காக உண்டியல் ஏந்தும் மாணவர்களும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அவர்கள் திரட்டும் சில்லறையை இழிவாகப் பேசுவது நம் நோக்கம் அன்று. அந்தச் சில்லறை எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாது, எந்த இடத்தில் அது நமக்கே எதிராகத் திரும்பக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை. நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: திரட்டப்படும் சில்லறை உரிமைக்கு மாற்றாக முடியாது, உரிமையை நோக்கிச் செல்வதற்கான வழிச்செலவாக அது இருக்க வேண்டும்.

ஒரு பைசாவின் மதிப்பு

தானமாகப் பெறும் காசுக்கும் சந்தாவாகக் கொடுக்கும் காசுக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்பது அதன் பெயர். விலையே பெயராயிற்று. ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ என்று மாறியது. சென்னையில் மட்டுமன்றிக் கோலார் தங்கவயலிலும் அதற்கு வலுவான ஆதரவு இருந்தது. சுரங்கத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் துணையோடு, பண்டிதர் மறைந்த பின்னரும் அவ்விதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது.

இலவசமாகக் கொடுத்திருந்தால் படிப்பவர் பெறுபவராகவே நின்றிருப்பார். ஒரு பைசா கொடுத்து வாங்கியதால் அவர் வாசகரானார். இதழில் தவறு கண்டால் கேட்கும் தகுதி பெற்றார். கொடுக்க முடிந்த அளவுக்குச் சிறியதாக விலையை வைத்ததும், அந்தச் சிறிய விலையையும் வாங்கியதும் ஓர் அரசியல் முடிவே. யாருடைய இரக்கத்தையும் நம்பாமல், தன் மக்களின் சில்லறையை நம்பி நின்ற முயற்சி அது.

அதே காலத்தின் இன்னொரு முயற்சியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு வட்டாரத்தில் பஞ்சமர் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பொதுப் பள்ளிகளின் கதவு சாத்தப்பட்டிருந்த நாளில் அப்பள்ளிகள் ஆற்றிய பணி பெரிது. பண்டிதரும் ஆல்காட்டோடு இணைந்து செயல்பட்டவர்தாம். ஆனால் வெளியிலிருந்து வரும் நிதியில் நடக்கும் பள்ளி, அந்நிதி நிற்கும் நாளில் தடுமாறும். ஆகவே நமக்கு இரண்டும் தேவைப்பட்டன: வெளியிலிருந்து வந்த பள்ளியும் வேண்டும், நம் சில்லறையில் நடக்கும் குரலும் வேண்டும்.

ஓரணாவும் நான்கு காசும்

சில்லறை எவ்வாறு உரிமையாக வளர்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் மிகத் தெளிவான சான்று ஒன்று உண்டு. அது பள்ளி உணவு.

1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது நிபந்தனை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. ஓரணாச் சிற்றுண்டிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் ஆற்றல் இருந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக் கூடாது என்று காலனி அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றது. தீர்மானத்தால் வந்தது ஒரு தடையுத்தரவால் போயிற்று. அது இன்னும் உரிமையாக ஆகியிருக்கவில்லை.

1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது, ஊர் மக்களின் நன்கொடையே அதன் அடித்தளமாக இருந்தது. நெல், பருப்பு, காய்கறி, விறகு, காசு என்று இயன்றதை மக்கள் கொடுத்தனர். அடுத்த ஆண்டு அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிடப்பட்டது. அதில் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊருடையது.

அந்த நான்கு காசை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். அதன் குறையையும் கூடவே காண வேண்டும். ஊர் கொடுத்தால் உணவு உண்டு என்றால், ஊர் கொடுக்காவிடில் என்ன ஆகும்? வளமான ஊரில் உணவு தொடரும். வறண்ட ஊரில் அடுப்பு அணையும். ஊர் என்பது இந்நாட்டில் ஒன்றாக இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஊர் வேறு, சேரி வேறு. கொடுப்பவர் ஊரில் இருந்து, பிள்ளை சேரியிலிருந்து வந்தால், அந்த நான்கு காசோடு சாதியும் சேர்ந்தே தட்டில் விழும்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பொறுப்பு அரசின் கைக்கு வந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த மற்றோர் ஆணையில், சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. ஓரணாவில் தொடங்கிய பயணம் எண்பது ஆண்டுகளில் உரிமையாக நிலைபெற்றது.

அப்படியிருந்தும் 2018இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தனர். ஆனால் இப்போது கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. அவர் அரசுப் பணியாளர். அவரைத் தடுத்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. நன்கொடையில் நடக்கும் அடுப்பாக இருந்திருந்தால், நன்கொடையாளர் விருப்பமே அங்குச் சட்டமாகியிருக்கும்.

அண்ணல் கற்றுத் தந்த கணக்கு

உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களில் நாம் அனைவரும் அறிந்த பெயர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவியோடு 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுண்டு என்று மூன்றாண்டுகளுக்கு அவ்வுதவி வழங்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதன்படி 1917இல் அவர் பரோடா சென்றார். உயர் கல்வி பெற்றுத் திரும்பிய அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினர். அலுவலகத்தில் கோப்புகள் அவர் மேசை மீது எறியப்பட்டன.

ஒரு மன்னரின் நல்லெண்ணம் ஒரு மாணவரைக் கடல் கடந்து அனுப்ப முடிந்தது. அவருக்குத் தன் தலைநகரில் ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை. இதை அண்ணல் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளில் அதிகாரம் கைக்கு வந்தபோது தனி மனிதர்களின் கொடையை அவர் வேண்டிநிற்கவில்லை. அரசின் நிதியில் தன் மக்களின் பங்கைக் கேட்டார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் அவர் எழுப்பிய கோரிக்கையின் விளைவாகவே பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944இல் நடைமுறைக்கு வந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அதன்வழிக் கல்லூரிகளையும் உருவாக்கினார். அரசிடம் பங்கு கேட்பதும் நமக்கென்று நிறுவனம் எழுப்புவதும் அவருக்கு ஒரே பணியின் இரு கைகளாக இருந்தன.

மொய் நோட்டில் இடம்பெறாத பெயர்கள்

இப்போது புதுக்கோட்டை மாவட்டத்திற்கே திரும்புவோம். சிறு தொகைகளைத் திரட்டிப் பெருந்தொகை ஆக்கும் கலையில் இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதி தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்றது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களிலும் அருகிலுள்ள பேராவூரணி வட்டாரத்திலும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுப்பார்கள். உண்டு எழுபவர், ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே போடப்பட்ட மேசையில் மொய் எழுதுவார். நோட்டில் ஏறிய ஒவ்வொரு தொகையும், கொடுத்தவர் விருந்து வைக்கும் ஆண்டில் சற்றுக் கூடுதலாகத் திரும்பிச் செல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணறு, தொழில், திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று பலவற்றுக்கு அத்தொகை உதவுகிறது. வட்டி இல்லை, அடகு இல்லை. நோட்டும் வாக்கும்தான் பிணை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், அதன்பின் கொரோனா முடக்கம் வந்தபோதும் இம்முறை ஆட்டம் கண்டது. பின்னர் மீண்டும் எழுந்தது. மக்கள் தங்களுக்குள்ளேயே நடத்தும் நிதி ஏற்பாடு என்ற முறையில் அதை நாம் மதிக்கிறோம். அதன் உள்ளமைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மொய் என்பது முன்பு கொடுத்தவர் பின்பு பெறும் ஏற்பாடு. முதலில் கொடுக்க இயலாதவரின் பெயர் நோட்டில் ஏறாது. விருந்துச் செலவுக்கே கையில் முதல் வேண்டும். தோப்பும் நிலமும் கடையும் உள்ளவர்களைச் சுற்றி, உறவும் பழக்கமும் உள்ள வட்டத்துக்குள் அது சுழல்கிறது. தோப்பில் தேங்காய் பறிப்பவருக்கும், வயலில் களை எடுப்பவருக்கும், கல்குவாரியில் சல்லி உடைப்பவருக்கும் அவ்வட்டத்தில் எந்த இடம்? அவர்களிடம் நாணயம் இருக்கிறது. நாணயத்துக்குப் பிணையாக வைக்க நிலம் இல்லை. சமூக மூலதனம் என்று நூல்கள் கூறுவது இதைத்தான். சாதியச் சமூகத்தில் அறிமுகமே ஒரு சொத்து. அச்சொத்தும் நிலத்தைப் போலவே பங்கிடப்பட்டிருக்கிறது.

இதே மாவட்டம் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. 1991இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இங்கு அறிவொளி இயக்கம் எழுந்தது. ஊதியம் பெறாத தொண்டர்கள் மாலை நேரங்களில் தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் எழுத்துக் கற்பித்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்குவாரிகளில் ஒப்பந்தக்காரர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த பெண்கள், குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கையெழுத்திடக் கற்றவர்கள் கணக்கைப் படித்தார்கள், கணக்கைப் படித்தவர்கள் கூலி குறைவதைக் கண்டார்கள், மனு எழுதினார்கள். அங்கே திரட்டப்பட்டது காசாக இல்லை. நாளுக்கு ஒருமணி நேரம் என்று பலரும் தந்த உழைப்பாக இருந்தது. அந்தச் சில்லறை நேரம் உரிமை கேட்கும் திறனாக மாறியது.

உரிமையின் வாசலில் நிற்கும் சிறுதொகை

இன்று நம் பிள்ளைகளுக்கு உரிமைகள் காகிதத்தில் நிறைய உண்டு. அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. காலை உணவும் மதிய உணவும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவின்படி அதன் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது.

அவ்வுதவித்தொகையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் வீட்டிலிருந்து சென்று படிக்கும் மாணவருக்கான கல்விப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய். 365 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 6 ரூபாய் 85 காசு. இந்நாட்டின் மாபெரும் சமூகநீதித் திட்டங்களுள் ஒன்று, நம் பிள்ளையின் கையில் வந்து சேரும்போது ஒரு தேநீர் வாங்கக்கூடப் போதாத சில்லறையாக இருக்கிறது.

அதைப் பெறுவதற்கே எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு 60 ரூபாய், வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். பட்டியல் சாதியினருக்கான சான்றை வட்டாட்சியரும், பழங்குடியினருக்கான சான்றைக் கோட்டாட்சியரும் வழங்குகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை முடிய வேண்டும். அதற்காகத் தாயோ தந்தையோ ஒருநாள் வேலையை விட வேண்டும். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய். இரண்டு சான்றும் ஒருநாள் கூலியும் சேர்ந்து 439 ரூபாய். ஆண்டு உதவித்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அதன் வாசலிலேயே போய்விடுகிறது. “நாளைக்கு வாருங்கள்” என்று அலுவலகத்தில் ஒருமுறை சொன்னால் இன்னொரு நாள் கூலி போகும். ஆதார் எண் இணைந்த வங்கிக் கணக்கு இல்லையென்றால் மற்றொரு நாள். முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்பவர் எனில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு மேலும் 60 ரூபாய். நகல், புகைப்படம், பயணம் ஆகியவை தனி.

வசதியுள்ள வீட்டுக்கு இவை கணக்கில் வராத செலவுகள். நம் வீடுகளிலோ, ஜூன் மாதத்தில் 439 ரூபாய் இல்லாமல் போவதால் ஒரு விண்ணப்பம் தள்ளிப்போகிறது; தள்ளிப்போன விண்ணப்பம் கடைசி நாளைத் தவறவிடுகிறது; உதவித்தொகை வராத பிள்ளை இடைநிற்கிறது. ‘ஆர்வமின்மை’ என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதப்படுவதற்குப் பின்னால் பல வேளைகளில் இந்தச் சில்லறைத் தொகையே இருக்கிறது. நாம் திரட்டும் காசு சென்று சேர வேண்டிய இடம் இதுதான்.

ஒரு கணக்குக்காக நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றைக் கொள்வோம். வீட்டுக்கு வாரம் ஐந்து ரூபாய் என்றால் வாரத்துக்கு 200 ரூபாய். ஆண்டுக்கு 10,400 ரூபாய். நோட்டும் பையும் வாங்கினால் சில பிள்ளைகளோடு அது தீர்ந்துவிடும். சான்றுக்கும் ஒருநாள் கூலி இழப்புக்கும் என்று 439 ரூபாய் வீதம் செலவிட்டால் 23 பிள்ளைகளை உதவித்தொகையின் வாசலைக் கடக்கச் செய்யலாம். அவர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது 2,500 ரூபாய் பெற்றால் 57,500 ரூபாய் அக்குடியிருப்புக்கு வந்து சேரும். அது யாருடைய தயவாலும் வந்ததன்று. நமக்குச் சேர வேண்டியது.

எப்படித் திரட்டுவது, எப்படிச் செலவிடுவது

இதிலிருந்து சில நெறிகள் பிறக்கின்றன. களத்தில் இருக்கும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் இவற்றை விவாதிக்க வேண்டுகிறோம்.

முதலாவதாக, பெறுபவரின் வீடும் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாயானாலும் சரி, ஒருநாள் உழைப்பானாலும் சரி. கொடுத்தவருக்கே கணக்குக் கேட்கும் துணிவு வரும். ‘ஒரு பைசாத் தமிழன்’ நமக்குக் கற்றுத் தந்தது இதையே. வெளியிலிருந்து வரும் நன்கொடையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் குடியிருப்பின் பெண்களும் படிக்கும் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட வேண்டும். மொய் நோட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் துல்லியம். வரவு, செலவு, மீதி ஆகிய மூன்றையும் மாதம் ஒருநாள் தெருவில் உரக்கப் படிப்பது போதும். தொகை ஒருவர் சட்டைப் பையில் இல்லாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பிள்ளையின் பெயரும் படமும் வெளிவரக் கூடாது. பள்ளிகளில் சாதி வேறுபாடுகளைக் களைவது குறித்து ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. வகுப்பறையில் ‘உதவி பெறுவோர்’ பட்டியலை வாசிப்பதும் அதே காயத்தைத்தான் உண்டாக்கும். நன்கொடையாளருக்கு ரசீது தரலாம். பிள்ளையின் முகத்தைத் தரக் கூடாது.

நான்காவதாக, செலவிடும் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஒரு கோரிக்கை எழுதப்பட வேண்டும். சான்றுக்கு 60 ரூபாய் கொடுத்தோம் என்றால், ‘பட்டியல் சாதி மாணவருக்கு இக்கட்டணம் ஏன்?’ என்ற மனுவும் அதனோடு செல்ல வேண்டும். விடுதியில் குடிநீர்க் கருவி பழுது என்றால், புதியது வாங்கித் தருவதற்கு முன், அதற்கென ஒதுக்கிய நிதி எங்கே என்று கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உண்டியலில் விழும் பத்து ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு அரிது.

கேட்பதற்கு இப்போது சட்டமும் துணை நிற்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 20.01 விழுக்காடு. அந்த விகிதத்தில் ஒதுக்கப்பட வேண்டிய நிதி நம் மாவட்டத்தின் எந்தப் பள்ளிக்கு, எந்த விடுதிக்கு வந்தது என்று கேட்பது நம் கடமை. அதைக் கேட்காமல் உண்டியல் மட்டும் ஏந்திக்கொண்டிருந்தால், அரசு தன் பொறுப்பிலிருந்து மெல்ல விலகுவதற்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

சில்லறையால் வாங்க முடியாதது

2022 டிசம்பர் 19 அன்று, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் சென்னையில் தொடங்கப்பட்டது. சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. முதலில் நோயுற்றவர்கள் குழந்தைகள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்தபோதுதான் குடிநீர் மீது ஐயம் எழுந்தது. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமு அங்குச் சென்றபோது, தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்கள் விடப்படாததும் தெரியவந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அதை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரினர்.

இதே மாவட்டத்தில்தான் தேநீர்க் கடை ஒன்றில், 2024இல் வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டோருக்காக, மொய் விருந்து என்ற பெயரில் தேநீர் வழங்கி நிதி திரட்டினார்கள். முன்பின் அறியாத வேற்று மாநில மக்களுக்காக நீண்ட அந்தக் கைகளை நாம் வணங்குகிறோம். ஒரு தேநீர்க் கடையால் மனிதரை இணைக்கவும் முடியும், இரட்டைக் குவளையால் பிரிக்கவும் முடியும் என்பதை ஒரே மாவட்டம் நமக்குக் காட்டியிருக்கிறது. கொடுக்கும் மனம் இருப்பதால் மட்டும் சாதி கரைந்துவிடாது. மலையின் அப்பால் இருப்பவருக்காக இரங்குவது எளிது. தன் தெருவின் அடுத்த கோடியில் இருப்பவரோடு ஒரே குவளையில் குடிப்பதும், ஒரே தொட்டியில் நீர் எடுப்பதும்தான் கடினமாக இருக்கிறது.

வேங்கைவயல் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கித் தரலாம். அவர்கள் வீட்டுக் குழாயில் அச்சமின்றி நீர் குடிப்பதற்கான உறுதியை எந்த உண்டியலாலும் வாங்கித் தர முடியாது. அதைத் தர வேண்டியவை சட்டமும் அரசும், அவற்றை அசைக்கும் மக்கள் போராட்டமும்.

ஆகவே தோழர்களே, உண்டியலைக் கீழே வைக்க வேண்டாம். அதை எடுத்துச் செல்லும் கையின் மறுகையில் ஒரு மனுவும் இருக்கட்டும். வாரம் ஐந்து ரூபாய் தரும் தாய்க்கு, அக்காசு எந்த அலுவலகத்தின் எந்தக் கதவைத் தட்டப் போகிறது என்பது தெரிந்திருக்கட்டும். அவர் பிள்ளைக்கு உதவித்தொகை வந்து சேரும் நாளில் அவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிராது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்ப அவரே வந்து உட்காருவார்.